ஆபேல் எங்கே?

குற்றத் தொடர்களையும் துப்பறியும் படங்களையும் பற்றி எழுதுவோரின் உலகில் ஒரே ஒரு பாவம்தான் சாவான பாவம். கொலையாளி யார் என்பதை வாசகனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதே அது. மற்றவையெல்லாம் அற்பப் பாவங்கள். கதையின் முடிவை வெளியிடமாட்டோம் என்று உறுதி கூறிவிட்டே பேனாவைத் தொடுகின்றனர். பின்னர் ஒளிப்பதிவின் இருள், பின்னணி இசை, மூன்றாம் பகுதியில் வந்த திருப்பம், ஐந்தாம் பகுதியில் விழுந்த தொய்வு, கொலையாளியாக நடித்தவரின் கண்கள் ஆகிய அனைத்தும் விரிவாகப் பேசப்படுகின்றன. கொல்லப்பட்டவரை அக்கட்டுரையில் தேடிப் பாருங்கள். ஒரு பெண்ணின் சடலம் கிடைக்கிறது என்ற முதல் வாக்கியத்தோடு அவர் வரலாறு முற்றுப்பெற்றிருக்கும்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நம் பங்கு மக்கள், சிறப்பாகக் கல்லூரி இளைஞர், இவ்வகை எழுத்தை விரும்பி வாசிக்கின்றனர். சிலர் தாமே எழுதுகின்றனர், திறமையாகவே எழுதுகின்றனர். திறமையற்றவர் எழுத்தாயின் இத்தனை கடுமை வேண்டியிராது.

துப்பறியும் கதையையே பழிக்க வந்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அதற்கு ஒரு குருவுக்கு உரிமையும் இல்லை. செஸ்டர்டன் படைத்த துப்பறிவாளர் பிரௌன் ஒரு கத்தோலிக்க குரு. அவரது முதல் கதைத் தொகுதி 1911இல் வெளிவந்தது. கொலைகாரனின் உள்ளத்துக்குள் தாமே புகுந்து, அக்கொலையைத் தாமும் செய்யக்கூடியவரே என்று உணர்ந்த பின்னரே அவர் உண்மையைக் காண்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்த எவருக்கும் இது புதுமையன்று. விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ரொனால்டு நாக்ஸ் அடிகளாரும் துப்பறியும் நாவல்கள் எழுதியவரே. இவ்வகைக் கதைக்கென அவர் 1929இல் பத்துக் கட்டளைகளே வகுத்தார். ஆனால் அப்பத்தும் வாசகனுக்கு நேர்மையாய் நடப்பது பற்றியவை. இறந்தவருக்கு நேர்மையாய் நடக்க அவற்றில் ஒரு கட்டளையும் இல்லை. இன்றைய இரசிகர் எழுத்தின் வேர் அங்கேயே இருக்கிறதோ என்று சில வேளைகளில் ஐயுறுகிறேன்.

நம் நகரத்தையே பாருங்கள். மயிலாப்பூரின் கடற்கரையில் கொல்லப்பட்ட ஒருவரின் கல்லறைமீது ஒரு பேராலயம் எழுந்து நிற்கிறது. பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தவர் தோமையார் என்பது நம் மரபு. அவர் பெயரே அப்பகுதிக்குச் சாந்தோம் என்று நிலைத்துவிட்டது. ஈட்டி எறிந்தவன் பெயரென்ன? ஆலயத்துக்கு வருவோரைக் கேளுங்கள், சொல்லமாட்டார்கள். அறிய வேண்டும் என்ற ஆவல்கூட அவர்களுக்கு எழுந்ததில்லை.

அங்கிருந்து தெற்கே, அடையாற்றைக் கடந்தால் திருவான்மியூர். 1988இல் அங்கே வெளிச்சத்துக்கு வந்த கொலைகளில் இறந்தோர் அறுவர். கொன்றவன் பெயரை, அவன் ஓட்டிய வாகனத்தின் அடைமொழியோடு, தமிழ்நாட்டில் அறியாதார் இலர். 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டான். 2019இல் அவன் பெயரையே தலைப்பாகக் கொண்டு இணையவழித் தொடர் ஒன்று வந்தது. அத்தொடரைப் பற்றி எழுதியவர்கள் அவன் எழுச்சியையும் வீழ்ச்சியையும், அவனாக நடித்தவரின் உடல்மொழியையும் ஆராய்ந்தனர். அந்த அறுவரில் ஒருவரைப் பற்றியேனும் இரண்டு வாக்கியம் எழுதியவரை நான் கண்டிலேன். அவர்களுடைய உறவினர் நம் நகரத்திலேயே, ஒருவேளை அடுத்த தெருவிலேயே, வாழக்கூடும் என்ற எண்ணம்கூட ஒரு வரியில் தலைகாட்டவில்லை.

இந்த வழக்கோடு தொடர்புள்ள ஒரு தீர்ப்பை நம் எழுத்தாளர் அனைவரும் படிப்பது நலம். சங்கர் எழுதிய தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் வார இதழ் முயன்றபோது அதிகாரிகள் தடுத்தனர். விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபரில் நீதிமன்றம் இதழின் பக்கம் நின்றது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்றது. தனித்திருக்கும் உரிமையையும் அத்தீர்ப்பிலேயே வலியுறுத்தியது. அதோடு ஒரு விலக்கையும் வைத்தது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு ஆளான பெண்ணின் பெயரும் அவருக்கு நேர்ந்ததும் பரப்பப்பட்டு அவர் மீண்டும் இழிவுக்கு ஆளாகலாகாது. எழுத்துரிமைக்கு வெற்றி தேடித் தந்த அதே தீர்ப்பு, இரையானவரின் மானத்தையும் நினைவில் வைத்திருந்தது. நீதிபதிகளுக்குத் தோன்றியது நம் விமர்சகர்களுக்குத் தோன்றாதது வியப்பே. ஆகவே பெயர்களை அச்சிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆளை மறவாதிருங்கள் என்கிறேன்.

2016 சூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் இரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட இளைஞர், வழக்கு விசாரணைக்கு வருமுன்பே அதே ஆண்டில் புழல் சிறையில் இறந்தார். அந்நிகழ்வைப் படமாக்க முனைந்தவர்கள் முதலில் அப்பெண்ணின் பெயரையே தலைப்பில் வைத்தனர். அவருடைய தந்தை காவல்துறையிடம் முறையிட வேண்டியதாயிற்று. தலைப்பு மாறியது, படம் 2020இல் வெளிவந்தது. ஒரு தந்தை தம் மகளின் பெயரைச் சுவரொட்டியிலிருந்து மீட்கப் போராட நேர்ந்ததைக் காட்டிலும், படத்தின் வேகம் பற்றிய கருத்து முக்கியமாகுமா?

படைப்பாளர் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. 2022இல் வந்த 'வதந்தி' என்னும் தொடர் கொலையுண்ட ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணைப் பற்றியது. அவள் இறந்தபின் செய்தித்தாளும் ஊர்வாயும் அவளை எப்படியெல்லாம் சித்திரிக்கின்றன என்பதே அதன் பொருள். எட்டாம் கட்டளைக்கு இதைவிட நல்ல மறையுரை எளிதில் கிடைக்காது. நான் வாசித்த கட்டுரைகளோ கொலையாளியை எத்தனையாம் பகுதியில் ஊகித்தோம் என்பதிலேயே போட்டியிட்டன. கண்ணாடியை நீட்டினால் அதன் சட்டத்தைப் பாராட்டிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது!

திருச்சபையின் பக்கமும் குறை உண்டு. 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றிச் சுற்றுமடல் எழுதி, எது பார்க்கத்தக்கது என்று மக்களுக்குப் பட்டியல் தருமாறு ஆயர்களைக் கேட்டார். பட்டியல்கள் வந்தன. முத்தங்களை எண்ணிய அளவுக்கு அவை பிணங்களை எண்ணவில்லை. தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழ்ந்து அறிய உதவலாம் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய தன் ஆணையில் ஏற்றுக்கொண்டது. அதற்கு அறநெறியின் வரம்பு உண்டு என்றும் சொன்னது. அந்த வாசல் திறந்து அறுபது ஆண்டுகளாகியும், அதன்வழி நுழைந்து எழுதக் கற்ற பொதுநிலையினர் நம்மிடையே மிகச் சிலரே.

நாங்கள் கலைநுட்பத்தைப் பேசுகிறோம், அறத்தைப் பேசுவது குருக்களின் வேலை என்று சொல்வோருக்கு ஒன்று கேட்கிறேன். உலகின் முதல் கொலை வரலாற்றைத் தொடக்க நூலில் திறந்து பாருங்கள். ஆபேல் அதில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் இரத்தம் மட்டுமே பேசுகிறது. கொன்றவன் யார் என்பதில் மர்மமே இல்லை. கடவுள் விசாரிக்கத் தொடங்கும்போது, நீ என்ன செய்தாய் என்பது அவருடைய முதல் கேள்வியாக இல்லை. உன் சகோதரன் எங்கே என்றுதான் கேட்கிறார். பெரிய வெள்ளியன்று நாம் வாசிக்கும் பாடுகளின் வரலாறும் முடிவு தெரிந்த கதையே. ஆண்டுதோறும் கேட்கிறோம், சுவை குன்றியதாக எவரும் சொன்னதில்லை.

நுட்பம் என்றே பேசுவோம். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. இராசன் சுட்டுக் கொல்லப்படுவதோடு படம் தொடங்குகிறது. விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் தத்தம் இராசனைச் சொல்கின்றனர். கொன்றவரைத் தேடும் வழியிலேயே கொல்லப்பட்டவன் எத்தகையவன் என்பது துலங்கி வருகிறது. படத்தின் நுட்பம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அவன் நல்லவனும் அல்லன்; போர்க்காலத்தில் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன். சுட்டவள் அவன் மனைவி. ஆயினும் படம் முடிந்து வெளியே வருபவர் மனத்தில் இராசன்தான் நிற்கிறான். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று இரசிக அன்பர்கள் சினம் கொள்வார்களாயின், கொள்ளட்டும்; படம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.