பூஞ்சை நோய்கள்: டென்மார்க்கின் கணக்கெடுப்பும் அதன் எல்லைகளும்

சுமார் 60 லட்சம் மக்கள் வாழும் டென்மார்க், இரத்தத்தில் ஏற்படும் பூஞ்சைத் தொற்றுகளை நாடு தழுவிய அளவில் நீண்டகாலமாகக் கணக்கெடுத்துவரும் ஒருசில நாடுகளில் ஒன்று. அந்தக் கணக்கு எவ்வளவு முழுமையானது என்ற கேள்வி, அப்படியொரு ஏற்பாடே இல்லாத பெரிய நாடுகளுக்கும் முக்கியமானதாகிறது.

நோயாளிகளின் இரத்தத்திலிருந்து வளர்த்தெடுக்கப்படும் பூஞ்சைகளை, மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் கோபன்ஹேகனிலுள்ள ஸ்டேட்டன்ஸ் சீரம் நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. அங்கு பூஞ்சையின் இனமும், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் கண்டறியப்படுகின்றன.

2004 முதல் 2009 வரை இவ்வாறு 2,820 தொற்றுகள் பதிவாயின. இது ஆண்டொன்றுக்கு லட்சம் பேருக்கு 8.6 என்ற விகிதம். அண்டை நாடான நோர்வேயில் காணப்பட்டதைவிடக் கணிசமாக அதிகம். அதே காலத்தில், ஃபுளூகோனசோல் மருந்துக்கு முழுமையாகக் கட்டுப்படும் பூஞ்சைகளின் பங்கு சுமார் 80 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் திரட்டியிருந்தால் இந்த மாற்றம் தெரியவந்திராது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் எல்லைகள் உண்டு. உடலுக்குள் ஊடுருவிய காண்டிடா தொற்றுகளில் ஏறக்குறைய பாதியை இரத்தப் பரிசோதனை தவறவிடுகிறது. நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இரத்தத்தில் அரிதாகவே வளர்கிறது. பயிர்களுக்குத் தெளிக்கப்படும் பூஞ்சைக்கொல்லிகளாலும் இப்பூஞ்சை மருந்தெதிர்ப்பைப் பெறுவதால், அதற்கென 2018இல் தனிக் கண்காணிப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவில் பரவலாகக் காணப்படும், மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகைப் படர்தாமரை டென்மார்க்கிலும் கண்டறியப்பட்டுள்ளது. தோல் நோய் என்பதால் அதுவும் இரத்தத் தொற்றுக் கணக்கில் சேராது.

இந்தியாவின் அனுபவம் வேறுவிதமானது. கோவிட் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பரவிய பின்னரே, 2021 மே மாதத்தில், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் அதனை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தன. ஜூன் இறுதிக்குள் நாடெங்கும் 40,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. முந்தைய ஆண்டுகளுக்கான நாடளாவிய பதிவு இல்லாததால், அதிகரிப்பு எத்தனை மடங்கு என்பதைத் துல்லியமாகக் கூற இயலவில்லை. ஆம்போடெரிசின் மருந்துக்கும் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் 19 பூஞ்சைகளை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, பரிசோதனை வசதியும் கண்காணிப்பும் போதாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. சட்டபூர்வ அறிவிப்பை நெருக்கடியின்போது ஒரே நாளில் வெளியிட்டுவிடலாம். பூஞ்சையை இனங்காணும் ஆய்வுக்கூடங்களையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பல ஆண்டுப் பதிவுகளையும் அவ்வாறு உருவாக்கிவிட முடியாது என்பதே டென்மார்க்கின் அனுபவம் உணர்த்தும் பாடம்.