தடிமனான ஸ்ட்ரிங் போட்டால்தான் கிடாரிஸ்டா?

முதலில் ஒரு பாவமன்னிப்பு. ரெண்டு வருஷம் முன்னால் எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் பையன், வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு எலக்ட்ரிக் கிடார் வாங்கி வந்தான். "அண்ணா, என்ன ஸ்ட்ரிங் போடலாம்?" என்று என்னிடம்தான் கேட்டான். நானும் பெரிய மேதாவி மாதிரி, "லெவன்ஸ் போடுடா, அப்பதான் டோன் வரும்" என்றேன். ஒரு வாரம் கழித்து விரல் நுனியெல்லாம் சிவந்துபோய் வந்து நின்றான். "வலிக்குதுண்ணா." "வலிச்சாத்தான்டா வரும்." மூன்றாவது மாதம் கிடாரைப் பாதி விலைக்கு விற்றுவிட்டான்.

எனக்கு அந்த அறிவுரையைச் சொன்னது ஒரு சீனியர். அவருக்குச் சொன்னது அவருடைய சீனியராக இருக்கும். நடுவில் ஒருத்தர்கூட உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. காமர்ஸ் படிக்கிற நானும்தான். அந்தக் கணக்கை இப்போது போடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிடார் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வரி. 'நைன்ஸ்', 'டென்ஸ்', 'லெவன்ஸ்' என்பதெல்லாம் இருப்பதிலேயே மெல்லிய முதல் ஸ்ட்ரிங்கின் தடிமன். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. நைன் என்றால் 0.009 அங்குலம், லெவன் என்றால் 0.011. இதைத்தான் கேஜ் என்கிறார்கள்.

வித்தியாசம் ஆயிரத்தில் ரெண்டு பங்குதானே, தலைமுடி அளவுகூட இல்லையே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஸ்ட்ரிங்கின் எடை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே சுரத்துக்கு டியூன் செய்ய வேண்டுமென்றால் இழுவிசையும் அதே விகிதத்தில் கூடியாக வேண்டும். ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனால் 23 சதவீதம் அதிகம். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குப் போனால் 49 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு!

கிலோவில் சொன்னால் இன்னும் உறைக்கும். 25.5 அங்குல நீளமுள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிடாரில், முதல் ஸ்ட்ரிங் நைன் என்றால் சுமார் 6 கிலோ இழுவிசை. டென் என்றால் 7.3 கிலோ. லெவன் என்றால் ஏறக்குறைய 9 கிலோ. ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்தால் 9-42 செட்டுக்குச் சுமார் 38 கிலோ, 10-46 செட்டுக்குச் சுமார் 47 கிலோ. முந்தாநாள்தான் கிடாரைத் தொட்ட ஒரு பையனின் சுண்டுவிரலை இதற்கு எதிராக நிறுத்திவிட்டு, "டோன் வரும்" என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, டோன் விஷயத்துக்கு வருவோம். தடி ஸ்ட்ரிங் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வார்கள்: ஸ்டீவி ரே வான். டெக்ஸாஸ்காரர், தேர்ட்டீன்ஸ் போட்டு வாசித்தவர். உண்மைதான். ஆனால் அவர் கிடாரை அரை சுரம் இறக்கி டியூன் செய்வார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அரை சுரம் இறக்கினாலே இழுவிசை 11 சதவீதம் குறைந்துவிடும். அப்படியும் விரல் நுனி பிய்ந்துபோய் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிக்கொண்டு மேடையேறியவர் அவர். அவருடைய கை அவருக்கு. நமக்கு எதற்கு?

எதிர்க்கட்சியைப் பாருங்கள். பிளாக் சப்பாத்தின் டோனி அயோமி பதினேழு வயதில் பர்மிங்ஹாமில் ஒரு தகரப் பட்டறை விபத்தில் வலது கையின் ரெண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப்பழக்கம் உள்ளவர் என்பதால் ஸ்ட்ரிங்கை அழுத்த வேண்டியது அந்தக் கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டார். வலி தெரியாமல் வாசிக்க மெல்லிய ஸ்ட்ரிங் தேடினார்; கடையில் கிடைக்காமல் பாஞ்ஜோ ஸ்ட்ரிங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு டியூனிங்கையும் இறக்கினார். ஹெவி மெட்டல் என்ற இசையே அந்த மெல்லிய ஸ்ட்ரிங்குகளிலிருந்துதான் வந்தது! இசட் இசட் டாப்பின் பில்லி கிப்பன்ஸ் போடுவது செவன்ஸ். ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று தன்னைக் கேட்டு மெல்லிய ஸ்ட்ரிங் பக்கம் திருப்பியது பி.பி. கிங் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இவர்கள் டோனில் என்ன குறை கண்டீர்கள்?

தடிமனான ஸ்ட்ரிங்கில் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. பிக்-அப்பின் மேலே அதிக இரும்பு ஆடுவதால் சத்தம் கொஞ்சம் கூடும். ஓங்கி ஸ்ட்ரம் செய்தாலும் சுருதி அவ்வளவாக விலகாது. டியூனிங்கை ரொம்பக் கீழே இறக்குகிறவர்களுக்கு, ஸ்ட்ரிங் தொளதொளவென்று தொங்காமல் இருக்கத் தடிமன் தேவைதான். ஆனால் சத்தம் கூட்ட ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழ் இருக்கிறதே, அதைத் திருகினால் போதாதா?

அடுத்து பிராண்ட் சண்டை. இது ரஜினியா கமலா மாதிரி முடியவே முடியாத சண்டை. எர்னி பால் பாக்கெட்டையும் டடாரியோ பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள். ரெகுலர் ஸ்லிங்கியிலும் ஈ.எக்ஸ்.எல்.110-லும் ஆறு எண்களும் ஒன்றுதான்: 10, 13, 17, 26, 36, 46. ரெண்டுமே நிக்கல் பூசிய எஃகு சுற்றியவை. மெல்லிய மூன்று ஸ்ட்ரிங்கும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய எஃகுக் கம்பிதான். பொருள் மாறினால் சத்தம் மாறும்: சுத்த நிக்கல் சற்று மென்மை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளிச். பெயர் மட்டும் மாறினால் கண்ணை மூடிக்கொண்டு என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரூம்மேட்டை விட்டு வாசிக்கச் சொல்லிச் சோதித்தே பார்த்தேன், பரிதாபமாகத் தோற்றேன்.

எர்னி பால் கதையே இதற்குச் சாட்சி. கலிஃபோர்னியாவில் கிடார் கடை வைத்திருந்தவர் அவர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அன்றைய தடித்த மூன்றாவது ஸ்ட்ரிங்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். மெல்லியதாகச் செய்து கொடுங்கள் என்று ஃபெண்டரிடம் கேட்டார், அவர்களுக்கு ஆர்வமில்லை. தானே வேறிடத்தில் செய்யச் சொல்லி, 1962-ல் ஸ்லிங்கி என்று விற்க ஆரம்பித்தார். அவர் விற்றது புதிய கேஜை. பிராண்ட் பிறகு ஒட்டிக்கொண்டது.

பிராண்ட் பார்த்துக் காசு செலவழிக்க எனக்குத் தெரிந்து ஒரு நியாயமான காரணம் உண்டு: கோட்டிங். எலிக்ஸர் மாதிரி மேலே மெல்லிய பூச்சு கொடுத்தவை. கடலோர ஊர்க் காற்றிலும் என் வியர்வையிலும் சாதாரண செட் மூன்றே வாரத்தில் கறுத்துப்போகிறது. கோட்டிங் செட் விலை ரெண்டு மடங்குக்கு மேல், ஆனால் ரெண்டரை மாதம் ஓடுகிறது. மாதச் செலவு என்று பிரித்தால் கோட்டிங்தான் லாபம். உங்கள் கை வியர்க்காது என்றால் இந்தக் கணக்கு தலைகீழ்.

ஆகவே நண்பர்களே, என் கட்சி இதுதான். புதிதாகக் கற்பவர், ஸ்ட்ராட் வகை நீளக் கிடார், சாதாரண டியூனிங் என்றால் நைன்ஸ். ஃபெண்டர் ஸ்ட்ராட்கள் பெரும்பாலும் நைன்ஸோடுதான் ஃபாக்டரியை விட்டே வருகின்றன. லெஸ் பால் மாதிரி 24.75 அங்குலக் கிடார் என்றால் அதே ஸ்ட்ரிங்குக்கு இழுவிசை 6 சதவீதம் குறைவு. அதில் டென்ஸ் போடலாம், கை வலித்தால் அதிலும் நைன்ஸ்தான். பிராண்ட், கடையில் எது புதிதாக, போலி இல்லாமல் கிடைக்கிறதோ அது. ரெண்டு மூன்று மாதம் வாசித்தபின் "ரொம்ப லூசா இருக்கே" என்று உங்கள் கையே சொன்னால் ஒரு படி ஏறுங்கள். ஏறும்போது டிரஸ் ராடையும் இன்டொனேஷனையும் சரிபார்க்க வேண்டும். டிரெமலோ பிரிட்ஜ் இருந்தால் பின்னால் உள்ள ஸ்பிரிங்கையும் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டு நிற்கும். இதையும் நான் அந்தப் பையனுக்குச் சொல்லவில்லை.

போன மாதம் அவன் என் அறைக்கு வந்திருந்தான். கட்டில் மேல் கிடந்த என் கிடாரைச் சும்மா எடுத்து, மூன்றாவது ஸ்ட்ரிங்கைத் தள்ளி ஒரு பெண்ட் எடுத்தான். அழகாக ஏறியது. அவனுக்கே ஆச்சரியம். "புது கிடாராண்ணா?"

"இல்லடா. ஸ்ட்ரிங்தான் மாத்தினேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அதே பெண்டைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பி.கு.: ஸ்ட்ரிங் மாற்றியதும் வெட்டிய நுனிகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துப் போடுங்கள். ஒன்று என் அம்மாவின் காலில் ஏறி, கிடாரே வீட்டை விட்டு வெளியேற இருந்தது.