மழையிலும் பார்க்க வேண்டிய ஊர்

ஜோகுபாளையத்தில் வாழும் என் மாணவி ஒருத்தியின் தந்தைக்கு உதகமண்டலத்தில் விடுதி வேலை கிடைத்தது. குடும்பத்துடன் குடிபெயரலாமா என்று என்னிடம் கேட்டார். அவர் அவ்வூரைக் கோடையில் மட்டுமே கண்டவர்.

மே மாதம் தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி நடைபெறும், விடுதிகள் நிரம்பும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கூட்டம் குறையும், வேலையும் குறையும். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் பருவம் கோடைக்கு ஈடாகாது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கோடைக்கால வருவாயே இல்லாமற்போயிற்று.

“ஜூலையில் ஒருமுறை சென்று பாருங்கள். பன்னிரண்டு மாதமும் ஊதியம் உண்டா, வாடகை போக என்ன மிஞ்சும் என்று கேளுங்கள்” என்றேன்.

அங்குள்ள மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். இங்கு விருப்பப் பாடமாகப் பயிலும் அம்மாணவிக்கு அது நன்மையே. ஆயினும், வேலை நிலைக்காமல் ஆண்டின் நடுவே திரும்ப நேர்ந்தால், அச்சுமை அவள்மீதே விழும்.

குடிபெயர்தல் தவறன்று. உங்கள் பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே. நானும் பணியின் பொருட்டு ஊரைப் பிரிந்தவனே. எனினும், விருந்தினராகக் கண்ட ஊரைக் குடியிருப்பவராகவும் கண்ட பின்னரே முடிவெடுத்தல் வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து யாது?