விடுமுறை நாளில் நோய் வந்தால்...

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். ஆனால் நோய் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. தீபாவளிக்கும் வரும், பொங்கலுக்கும் வரும். உயிர் போகும் ஆபத்து என்றால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது இன்று ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். 2008-இல் நம் மாநிலத்தில் தொடங்கிய அந்தச் சேவை அவ்வளவு தூரம் மக்களிடம் சென்று சேர்ந்திருக்கிறது. ஆனால் உயிர் போகாது, அதே சமயம் விட்டுவிடவும் முடியாது என்ற நிலையில் ஒருவர் விடுமுறை நாளில் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? எனக்குத் தெரியவில்லை. அதற்கு என் தந்தையார் கொடுத்த விலைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

2025-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு ஜனவரி 14 முதல் 19 வரை தொடர்ந்து ஆறு நாட்கள் விடுமுறை வந்தது. கல்லூரி மாணவர்களாகிய நாம் மகிழ்ந்தோம். போகிக்கு முதல் நாள் விறகு வெட்டப் போன என் தந்தையாருக்குக் காலில் கருவேல முள் தைத்தது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பொங்கலன்று காலையில் பாதம் வீங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. பக்கத்துச் சிற்றூரில் வழக்கமாகக் காட்டும் மருத்துவரின் கதவில் பூட்டுத் தொங்கியது. என்று திறப்பார் என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

எதிரில் இருந்த மருந்துக் கடை மட்டும் திறந்திருந்தது. “அண்ணே, மூணு வேளை போடுங்க, சரியாப் போயிடும்” என்று கடைக்காரர் ஒரு காகித உறையில் ‘செட் மாத்திரை’ போட்டுக் கொடுத்தார். வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. மறுநாள் வீக்கம் வற்றியது. அப்பாவும் மகிழ்ச்சியோடு மாடுகளைக் குளிப்பாட்டினார். நாள் முழுவதும் அந்தக் காலோடு ஈரத்தில் நின்றார். மூன்றாம் நாள் காலையில் புண்ணில் சீழ் வைத்துவிட்டது.

அதன் பிறகு பயம் வந்தது. விடுமுறை நாளாகையால் பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் நின்று, மாவட்டத் தலைநகரின் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அவசரப் பிரிவில் திருவிழாக் கால விபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மண்டை உடைந்தவரைப் பார்ப்பார்களா, முள் தைத்தவரைப் பார்ப்பார்களா? நான்கு மணி நேரம் காத்திருந்தோம். அதில் யார் மீதும் எனக்குக் குறையில்லை. இறுதியில் பார்த்த மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். “என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார். நான் உறையை நீட்டினேன். அதில் பெயர் இல்லை. “இதில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் வீக்கம் வற்றும், சர்க்கரை ஏறும், புண் உள்ளே வளரும்” என்றார். பரிசோதித்தபோது சர்க்கரை மிகவும் ஏறித்தான் இருந்தது. நான் வேதியியல் படிக்கிறேன். என் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். ஆயினும் என் உள்ளங்கையில் இருந்த அந்த வெள்ளை மாத்திரை என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று நான் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

கட்டு மாற்ற உள்ளூருக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம் என்று அந்த மருத்துவர் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து அது மூன்று கிலோமீட்டர். மறுநாளும் விடுமுறைதான். நம்பிக்கையில்லாமல்தான் போனோம். வெளிக்கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே செவிலியர் இருந்தார். பொங்கலன்றும் ஆள் இருந்தார்களாம்! நம் மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பதற்காக இரவும் பகலும் செவிலியர் இருக்க ஏற்பாடு உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். “ஏம்மா, படிக்கிற பிள்ளைதானே? உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார் அவர். பொங்கலன்று அந்தக் கதவைக் கடந்துதான் நாங்கள் மருந்துக் கடைக்குப் போனோம். பாதி சாத்திய கதவைப் பார்த்து, விடுமுறை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

புண் ஆற மாசி பிறந்துவிட்டது. அந்த ஒரு மாத அறுவடைக் கூலி போயிற்று. கால் தப்பியதே போதும் என்றிருக்கிறோம்.

இதிலிருந்து நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. நம் ஊரில் மருத்துவம் இல்லாமல் இல்லை. எந்த நோய்க்கு எந்த வாசல் என்று சொல்வார்தான் இல்லை. வாசல் தெரியாதவன் ஒன்று மருந்துக் கடைக்குப் போகிறான்; அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். முதலாவது அவனுக்குக் கெடுதல். இரண்டாவது அங்கே உயிருக்குப் போராடும் இன்னொருவனுக்கும் இடைஞ்சல்.

நோய்களை நாம் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பாம்புக் கடி ஆகியவற்றுக்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சாதாரணச் சளி, இலேசான உடம்புவலி போன்றவை ஓய்வெடுத்தால் தாமே தீரும். இரண்டுக்கும் நடுவில் உள்ளவைதான் நம்மை ஏமாற்றுகின்றன. நாய் கடித்த புண் சிறியதாக இருக்கலாம். ஆனால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். விடுமுறை முடியட்டும் என்று இருக்கலாகாது. சர்க்கரை நோயாளியின் காற்புண்ணும் அப்படித்தான். நரம்பு மரத்துப் போவதால் வலி தெரியாது. வலி இல்லை என்பது அங்கே நல்ல செய்தியல்ல, அதுவே எச்சரிக்கை.

மருத்துவருக்கும் பொங்கல் உண்டு, அவருக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு என்று சிலர் கேட்கலாம். நியாயந்தான். எல்லோரும் எல்லா நாளும் உழைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் இருக்கிறார், எங்கே இருக்கிறார், எத்தனை மணிக்கு இருக்கிறார் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும், பூட்டிய ஒவ்வொரு மருத்துவர் வீட்டுக் கதவிலும், பெரிய தமிழ் எழுத்தில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? கோவில் ஒலிபெருக்கியில் காப்புக் கட்டும் நேரத்தை அறிவிக்கிறோம். மாடு காணாமற் போனால் அறிவிக்கிறோம். விடுமுறையில் செவிலியர் இருப்பதை அறிவிக்கக் கூடாதா? மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண் 2013 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் விசாரித்தேன், அறிந்தவர் இருவரே.

மக்களும் செய்ய வேண்டியவை உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுவோர், விடுமுறைக்கு முன்பே தீருமா என்று எண்ணிப் பார்த்து வாங்கி வைக்க வேண்டும். பெயரில்லாத மாத்திரையை, யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அட்டையோடு கேட்க வேண்டும். வெவ்வேறு பெயரில் விற்கும் இரண்டு காய்ச்சல் மாத்திரைகளில் ஒரே பாரசிட்டமால் இருக்கலாம். இரண்டையும் சேர்த்து அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் ஈரல் கெடும். அட்டையைப் படித்தால்தான் அது தெரியும்.

படிப்பது யார்? நாம்தான். நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். அமில காரச் சமன்பாடுகளைத் தேர்வுத் தாளில் எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலையைச் செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அவற்றோடு, அடுத்த தீபாவளிக்கு முன்பாக அவரவர் ஊரில் விடுமுறை நாள் மருத்துவ விவரத்தைக் கேட்டறிந்து, தேநீர்க் கடையிலும் நியாய விலைக் கடையிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டலாம் அல்லவா? எங்கள் ஊரில் நான் ஒட்டிவிட்டேன். பாதி சாத்திய கதவுக்கு உள்ளே ஆள் இருக்கிறார் என்று அதில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.