வரி புரியலையா? நல்லது!

"மியூசிக் நல்லாத்தான் இருக்கு, ஆனா வரி ஒன்னும் புரியலையே." ஷூகேஸ் இசையைத் தமிழ் வாசக நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால் முதலில் வரும் குறை இதுதான். பெட்டாலிங் ஜெயாவில் கேட்டாலும் கிள்ளானில் கேட்டாலும் அதே பதில். இரண்டாவது குறை கொஞ்சம் தாமதமாக வரும்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

ஷூகேஸ் 1980களின் கடைசியில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உருவான ராக் வகை. கித்தார் ஒலியை எதிரொலியும் சிதைவும் தருகிற பெடல்கள் வழியாக விட்டு, அடுக்கடுக்காகச் சேர்த்து, சுவர் மாதிரி எழுப்புவார்கள். குரல் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்காது, உள்ளேயே புதைந்து கிடக்கும். வாசிப்பவர்கள் காலடியில் இருக்கும் பெடல்களைப் பார்த்துக் குனிந்தே நின்றதால் 'சப்பாத்தை வெறிப்பவர்கள்' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலியே பெயராகிவிட்டது.

இந்த வகையின் உச்சம் மை பிளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' (1991). கெவின் ஷீல்ட்ஸ் கித்தாரின் ட்ரெமொலோ கைப்பிடியைப் பிடித்தபடியே தந்திகளை மீட்டுவார். சுரம் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கமகத்தில் வளர்ந்த காது இதைக் கேட்டு ஏன் மிரளவேண்டும்?

வரி விஷயத்துக்கு வருவோம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனையில் வரி எங்கே இருக்கிறது? நாதஸ்வரத்தின் பின்னால் மூச்சு விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்திருக்கும் ஒத்துக்கு யாராவது பொழிப்புரை கேட்டோமா? பத்துமலையில் தைப்பூசத்தன்று உறுமியின் தோலைக் குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் எழுகிறதே, அதற்கு அர்த்தம் தெரிந்துகொண்டா நமக்கு உடம்பு சிலிர்க்கிறது? இளையராஜா இசையில் ஜானகியின் ஹம்மிங்கை ரசிக்கிற நாம்தான் இங்கே வந்து வரி கேட்கிறோம்.

வரிதான் பாட்டு என்பது மரபு இல்லை. சினிமாவும், 'கண்ணதாசனா வாலியா' பட்டிமன்றமும் சேர்ந்து வளர்த்துவிட்ட பழக்கம். இலக்கிய வாசகர்களிடம் இது இன்னும் மோசம். மௌனியின் கதை மங்கலாக இருந்தால் மூன்று முறை படிப்பார்கள். பாட்டு மங்கலாக இருந்தால் பத்தே விநாடியில் மாற்றிவிடுவார்கள். பாட்டைக் கவிதைக்குப் பின்னணியாக மட்டும் கேட்கிறவருக்கு இசையின் பாதி போய்ச் சேர்வதில்லை.

அடுத்து அந்த 'நமக்கு எதுக்கு'. பினாங்கில் அலிகேட்ஸ் குழுவை நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் என்ற அண்ணன் தம்பிகள். மலாய்ப் பாடல்களால் இந்த நாடு முழுக்க வீட்டுப் பெயரானவர்கள். கித்தாரும் பேண்டும் நமக்குப் புதிதல்ல. பிறகு 1990களில் பொயட்டிக் அம்மோ வந்தது. 2006இல் யோகி பியும் நட்சத்ராவும் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். நம் ராப் நிமிர்ந்து நின்று 'நான் இன்னார்' என்று அறிவித்தது. அந்தக் குரல் தேவைப்பட்டது, இன்னமும் தேவைப்படுகிறது.

ஆனால் அறிவிப்பது மட்டும்தான் நமக்கு விதித்ததா? இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை பிறந்ததிலிருந்து விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறான். பாரத்தில் இனம் எழுத வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் எந்த எஸ்டேட், எந்த ஊர் என்று சொல்லியாக வேண்டும். மேடை ஏறினால் பறையோ உறுமியோ குத்தோ எதிர்பார்ப்பார்கள். அவன் தலையைக் குனிந்து நின்று, யாருக்கும் எதையும் விளக்காமல், தன் குரலைச் சத்தத்துக்குள் ஒளித்துவைத்துப் பாட ஆசைப்பட்டால் அதுவும் தமிழ் இசைதான். ஷூகேஸிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த உரிமையைத்தான்.

"நடுத்தர வர்க்கத்தின் தப்பித்தல்" என்று தோழர்கள் சொல்வார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகளும் அப்படித்தான் சொல்லி ஸ்லோடைவ் குழுவை நார்நாராகக் கிழித்தன. 1995இல் கிரியேஷன் நிறுவனமும் அவர்களைக் கைவிட்டது. 2014இல் மறுபடி ஒன்றுசேர்ந்து 2017இல் புதுத் தொகுப்பு போட்டபோது, அவர்கள் முதல் தொகுப்பு வந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் முன்வரிசையில் நின்றார்கள். வெறும் பொழுதுபோக்கு இருபது வருடம் கழித்து இப்படித் திரும்பி வராது.

எங்கிருந்து தொடங்கலாம்? ஸ்லோடைவின் 'சூவ்லாக்கி' (1993) மென்மையான வாசல். அது பிடித்தால் 'லவ்லெஸ்', ஹெட்போனில், சத்தமாக. இன்றைய ஸ்லோடைவுக்கு 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' (2023). தென்கொரியாவின் பரன்னோல் தனி ஆள், பெயரைக்கூட வெளியே சொல்லாதவர். 2021இல் வந்த 'டு சீ த நெக்ஸ்ட் பார்ட் ஆஃப் த ட்ரீம்' தொகுப்பின் கித்தார் ஒலிகளைக் கணினியிலேயே செய்தார். தோற்றுப்போனதாக நினைக்கும் இளைஞனின் கூச்சல் அது. தப்பித்தல் என்கிற தோழர்கள் முதலில் இதைக் கேட்கட்டும். விஸ்ப்பின் 'யுவர் ஃபேஸ்' (2023) டிக்டாக் வழியாகப் பரவிய பாட்டு, அதனாலேயே ஒதுக்கிவிட வேண்டாம். பக்கத்திலேயே சிங்கப்பூரில் அஸ்ட்ரியல் 1990களிலிருந்து இதை வாசித்துவருகிறது. அங்கே பிறந்த யூலின் 'சாஃப்ட்ஸ்கார்ஸ்' (2023) அடுத்த தலைமுறை.

அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பரன்னோலுக்கு ஒரு கணினி போதுமாக இருந்தது. தமிழில் பாடுங்கள், குரலை நன்றாகப் புதைத்துவிடுங்கள். ஒரு 'ழ' கித்தார் இரைச்சலுக்குள் கரைந்துபோவதை நான் கேட்கவேண்டும். வரி என்னவென்று கேட்கமாட்டேன்.