டபுள் ஆன ஷேரை விற்கலாமா, வைத்திருக்கலாமா? - பதில் சொல்லும் ஒரு சின்னக் கணக்கு!

உங்கள் டீமேட் கணக்கில் வாங்கிய விலையைவிட இரண்டு, மூன்று மடங்கு ஏறிய ஷேர் ஒன்றாவது இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கேள்வி உங்களையும் படுத்தியிருக்கும். 'இப்பவே வித்துடலாமா... இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருக்கலாமா?'

எதை வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்போது விற்கலாம் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஆபீஸ் டீ பிரேக்கில் கேட்டுப்பாருங்கள், பேச்சு சட்டென்று இரண்டாகப் பிரியும். "அண்ணே, அதான் டபுள் ஆயிடுச்சுல்ல, எடுத்துடுங்க. கைக்கு வந்தாத்தான் காசு" என்பார் ஒருவர். "நல்ல கம்பெனி தம்பி, பேரன் பேத்தி காலம் வரைக்கும் வெச்சிருக்கலாம். எதுக்கு விக்கிற?" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேரும் அனுபவத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால், இரண்டு பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'இன்றைய விலை, இந்தக் கம்பெனி எவ்வளவு வேகமாக வளரும் என்று நம்பி நிற்கிறது? அந்த வளர்ச்சி நடக்குமா?' விற்பதா, வேண்டாமா என்ற முடிவு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இது பணக்காரர்களின் பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் இந்தியாவில் இருந்த டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2025-ல் அது 20 கோடியைத் தாண்டிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏறுகிற சந்தையை மட்டுமே பார்த்தவர்கள். 2024 செப்டம்பரில் 26,000 புள்ளிகளைத் தாண்டிய நிஃப்டி, அக்டோபரில் தொடங்கி ஐந்து மாதங்கள் தொடர்ந்து சரிந்தபோதுதான் பலருக்கும் 'அப்பவே வித்திருக்கலாமோ' என்று தோன்றியது. அதில் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸும், வீட்டுக்கான முன்பணமும் இருந்தன.

விலை கேட்கும் வளர்ச்சி

வளர்ச்சிப் பங்குகளைப் பற்றிப் பேசும்போது பி.இ என்ற வார்த்தை வந்துவிடும். பயப்பட வேண்டாம், எளிய விஷயம்தான். ஒரு ஷேருக்கு கம்பெனி வருடத்துக்கு 10 ரூபாய் லாபம் சம்பாதிக்கிறது. அந்த ஷேரின் விலை 1,000 ரூபாய் என்றால், பி.இ 100. அதாவது, 1 ரூபாய் லாபத்துக்கு நீங்கள் 100 ரூபாய் கொடுக்கிறீர்கள். இவ்வளவு ஏன் கொடுக்கிறோம்? லாபம் வேகமாக வளரும் என்ற நம்பிக்கையில்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அந்தக் கம்பெனியின் லாபம் வருடத்துக்கு 20% வீதம், ஐந்து வருடம் விடாமல் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ரூபாய் லாபம் ஏறக்குறைய 25 ரூபாய் ஆகிவிடும். பிரமாதமான வளர்ச்சி! ஆனால், கம்பெனி பெரிதாகப் பெரிதாக சந்தையின் உற்சாகம் கொஞ்சம் அடங்கி, பி.இ 40-க்கு வந்துவிட்டால்? 25-ஐ 40-ஆல் பெருக்குங்கள். அதே 1,000 ரூபாய்தான்! கம்பெனியின் லாபம் இரண்டரை மடங்கு ஆன ஐந்து வருடத்தில், உங்களுக்குக் கிடைத்த லாபம் பூஜ்யம். பேங்க் டெபாசிட்டில் போட்டிருந்தால்கூட வட்டி வந்திருக்கும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் கழித்து பி.இ 40 ஆக இருக்கும், எனக்கு வருடத்துக்கு 12% வருமானம் வேண்டும் என்றால், லாபம் வருடத்துக்கு 34 சதவிகிதத்துக்கு மேல் வளர வேண்டும். இந்தக் கம்பெனி இதற்கு முன் ஐந்து வருடம் தொடர்ந்து அப்படி வளர்ந்திருக்கிறதா? இனிமேல் வளர இடம் இருக்கிறதா? 'ஆமாம்' என்று உங்களால் சொல்ல முடிந்தால் வைத்திருங்கள். சொல்ல முடியவில்லை என்றால், நீங்கள் வைத்திருப்பது கம்பெனியின் மீதான மரியாதையால்தான், கணக்கினால் அல்ல.

'பி.இ 40 என்பதை எங்கிருந்து எடுப்பது?' என்று கேட்கிறீர்களா? கடந்த பத்து வருடங்களில் அந்தக் கம்பெனியின் பி.இ எந்த அளவில் இருந்தது, அதே தொழிலில் இருக்கும் மற்ற கம்பெனிகளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். துல்லியமான எண் கிடைக்காது. ஆனால், நீங்கள் கொடுக்கும் விலை சாதாரணமா, அசாதாரணமா என்பது தெரிந்துவிடும்.

ஏசியன் பெயின்ட்ஸ் சொல்லும் பாடம்

இதெல்லாம் பேப்பர் கணக்கு என்று தோன்றினால், ஏசியன் பெயின்ட்ஸைப் பாருங்கள். இந்தியாவின் நல்ல கம்பெனிகளைப் பட்டியல் போடச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் இதன் பெயரை எழுதுவார்கள். 2022 ஜனவரியில் இந்தப் பங்கு 3,500 ரூபாயைத் தாண்டியது. அந்த நிதியாண்டின் லாபத்தை வைத்துப் பார்த்தால் பி.இ 100-க்கும் மேல்.

அடுத்து என்ன நடந்தது? 2021-22-ல் சுமார் 3,000 கோடி ரூபாயாக இருந்த நிகர லாபம், 2023-24-ல் 5,400 கோடியைத் தாண்டியது. இரண்டே வருடத்தில் சுமார் 80% வளர்ச்சி! ஆனால், 2024 மார்ச் கடைசியில் பங்கின் விலை 2,850 ரூபாய்க்கு அருகில் இருந்தது. லாபம் அவ்வளவு ஏறியும், விலை இறங்கியிருந்தது. கம்பெனி எந்தத் தப்பும் செய்யவில்லை, பி.இ பாதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

கம்பெனிக்கே சோதனை வந்தது அதற்குப் பிறகுதான். 2024 பிப்ரவரியில் ஆதித்ய பிர்லா குழுமம் 'பிர்லா ஓபஸ்' என்ற பெயரில் பெயின்ட் தொழிலில் குதித்தது. நகரங்களில் விற்பனையும் மந்தமானது. 2024-25-ல் ஏசியன் பெயின்ட்ஸின் லாபம் 3,700 கோடிக்கும் கீழே வந்தது. 2025 மார்ச்சில் விலை 2,300 ரூபாய் அளவுக்கு இறங்கியிருந்தது.

இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் நடந்திருப்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு வருடம், விலை அதிகமாக இருந்ததால் பணம் வளரவில்லை. அடுத்த வருடம், தொழிலின் நிலைமையே மாறியதால் அடி விழுந்தது. 'நல்ல கம்பெனி, விக்காதே' என்ற ஒற்றை வரி இந்த இரண்டிலிருந்தும் யாரையும் காப்பாற்றவில்லை.

அப்போ, ஏறினதும் விற்பதுதான் புத்திசாலித்தனமா?

பொறுங்க, அதிலும் பெரிய ஆபத்து இருக்கிறது. ஹென்ட்ரிக் பெஸம்பிண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த சுமார் 26,000 பங்குகளை ஆராய்ந்தார். அரசுக் கடன் பத்திரங்களைவிட அதிகமாகச் சந்தை சம்பாதித்துக்கொடுத்த செல்வம் முழுவதும் வெறும் 4% பங்குகளிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார். அந்த நான்கு சதவிகிதத்தில் ஒன்று உங்கள் கையில் இருக்கும்போது, 'டபுள் ஆயிடுச்சே' என்று விற்றால், மற்ற பங்குகள் அந்த இழப்பை ஈடுகட்டாது.

இன்னொரு ஆய்வு நம் பழக்கத்தையே படம் பிடிக்கிறது. டெரன்ஸ் ஓடீன் என்பவர் 10,000 முதலீட்டாளர்களின் கணக்குகளைப் புரட்டி, 1998-ல் முடிவுகளை வெளியிட்டார். மக்கள் லாபத்தில் இருக்கும் பங்கைச் சட்டென்று விற்கிறார்கள். நஷ்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் விற்ற பங்குகள், வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவிகிதப் புள்ளிகள் அதிகம் கொடுத்தன. களையை விட்டுவிட்டுப் பயிரைப் பிடுங்குவது என்றால் இதுதான்.

நம்மூரிலேயே உதாரணம் உண்டு. ஸொமேட்டோ 2021 ஜூலையில் 76 ரூபாய்க்கு ஐ.பி.ஓ வந்தது. ஒரே வருடத்தில் 40 ரூபாய் அளவுக்கு விழுந்தது. அப்போது அதற்கு லாபமே இல்லை, எனவே பி.இ கணக்கே போட முடியாது. ஆர்டர்கள் வளர்கின்றனவா, நஷ்டம் குறைகிறதா, கையில் எத்தனை வருடத்துக்குப் பணம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2023 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் முதன்முறையாக லாபம் காட்டியது. 2024 டிசம்பரில் விலை 300 ரூபாய்க்குப் போனது. விலையை மட்டும் பார்த்துப் பயந்து விற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

சரி, எப்போதுதான் விற்பது?

டபுள் ஆனது ஒரு காரணம் அல்ல. டி.வி-யில் யாரோ சொன்னதும் காரணம் அல்ல. 'வாங்கின விலை வரட்டும், வித்துடுறேன்' என்பது சுத்தமாகக் காரணமே அல்ல. நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது. விற்பதற்கு நியாயமான காரணங்கள் நான்குதான்.

1. வாங்கிய காரணம் உடைந்துவிட்டது: யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாய்க்கு அருகில் இருந்தது. அடுத்த மாதமே, அதன் தலைமைச் செயல் அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியது. வங்கியைக் கண்காணிக்கும் அமைப்பே கை வைக்கிறது என்றால், அது சாதாரணச் செய்தி அல்ல. ஆனாலும் பலர், 'சீப்பா கிடைக்குது' என்று விழ விழ வாங்கி ஆவரேஜ் செய்தார்கள். 2020 மார்ச்சில் வங்கிக்குத் தடைக்காலம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த மீட்புத் திட்டத்தில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருந்தவர்களின் 75% பங்குகள் மூன்று வருடங்களுக்கு முடக்கப்பட்டன. விற்க நினைத்தாலும் விற்க முடியாத நிலை!

2. விலை, நடக்கவே முடியாத வளர்ச்சியைக் கேட்கிறது: மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் முழுவதையும் விற்க வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கை, பாதியை விற்கலாம். உங்கள் கணிப்பு தப்பாகிப்போனாலும் மிச்சம் கையில் இருக்கும்.

3. ஒரே பங்கு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது: பத்துப் பங்குகளில் தலா 10,000 ரூபாய் போட்டீர்கள். ஒன்று 60,000 ஆகிவிட்டது, மற்ற ஒன்பதும் சேர்ந்து 1 லட்சம். இப்போது மொத்தத்தில் 37.5% ஒரே கம்பெனியில் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்குத் தும்மல் வந்தால் உங்கள் வீட்டுக்கே ஜலதோஷம். எத்தனை சதவிகிதத்துக்கு மேல் போகவிட மாட்டேன் என்று முன்கூட்டியே ஓர் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

4. பணம் தேவைப்படும் தேதி நெருங்குகிறது: மகள் 10-ம் வகுப்பு படிக்கிறாள், இரண்டு வருடத்தில் காலேஜ் என்றால், அந்த ஃபீஸுக்கான தொகை இனிமேல் வளர்ச்சிப் பங்கில் இருக்கக் கூடாது. கம்பெனி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. அட்மிஷன் தேதி, சந்தை மீண்டு வரும்வரை காத்திருக்காது. நம் வீடுகளில் அதிகம் தள்ளிப்போடப்படுவது இந்தக் காரணம்தான்.

வரியையும் பார்த்துவிடுங்கள்

2024 ஜூலை 23 முதல், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்குகளுக்கு, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5% வரி. ஒரு வருடத்துக்குள் விற்றால் 20%. வரிக்கு மேல் செஸ் தனி.

உதாரணமாக, உங்களுக்கு 4 லட்சம் ரூபாய் நீண்ட கால லாபம் இருக்கிறது. வேறு பங்கு லாபம் எதுவும் இல்லை. ஒரே நிதியாண்டில் விற்றால், செஸ் சேர்த்து 35,750 ரூபாய் வரி. பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்றால், இரண்டு நிதியாண்டிலும் விலக்கு கிடைத்து, மொத்த வரி 19,500 ரூபாய். நஷ்டத்தில் விற்ற பங்குகள் இருந்தால் அதையும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதி நஷ்டத்தை எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம், ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால். ஆனால், 'வரி கட்டணுமே' என்பதற்காக மட்டும் விற்காமல் இருந்துவிடாதீர்கள். 12.5 சதவிகிதத்தை மிச்சம் பிடிக்கப்போய் 30 சதவிகிதத்தைச் சந்தையில் விட்டவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு வேலை. ஒரு நோட்டை எடுத்து, உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் மூன்று வரி எழுதுங்கள். ஏன் வாங்கினேன்? இன்றைய விலைக்கு லாபம் எவ்வளவு வளர வேண்டும்? இந்தப் பணம் எனக்கு எந்த வருடம் வேண்டும்? காலாண்டு முடிவுகள் வரும்போதெல்லாம் அதைத் திருப்பிப் பாருங்கள். மூன்று வரியையும் எழுத முடியாத பங்கு ஏதாவது இருந்தால், நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது அதைப் பற்றித்தான்.