புதன்கிழமை ராத்திரிக்கு மீன்



மீன் என்றாலே நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதான், இல்லையா? செவ்வாய், வெள்ளி கிடையாது. வியாழன் பாபாவுக்கு என்பவர்கள் உண்டு. சனி பெருமாளுக்கு. எல்லாம் போக திங்களும் புதனும்தான் மிச்சம். அந்த இரண்டு நாளிலும் வேலை முடிந்து வந்து எண்ணெய்ச் சட்டி வைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

வறுவலில் எனக்குள்ள குறை எண்ணெயைப் பற்றியது மட்டுமல்ல. வறுப்பவரைப் பற்றியது. சூடாக இருந்தால்தான் ருசி என்று கல்லிலிருந்து தட்டுக்குத் துண்டுகள் போய்க்கொண்டே இருக்கும். எல்லோரும் கை கழுவிய பிறகு வறுத்தவருக்கு மிஞ்சுவது வால் துண்டும் கல்லில் ஒட்டிய மசாலாவும். உங்கள் வீட்டில் எப்படி?

அதனால்தான் ஓவனில் வேகும் மீனுக்கு இந்த மாதம் என் சிபாரிசு. ஓவனுக்கு எங்கே போவது என்கிறீர்களா? பல வீடுகளில் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் இருக்கிறது. தள்ளுபடியில் வாங்கி, நேற்றைய சாம்பாரைச் சூடு பண்ண மட்டும் வைத்திருக்கிறோம். அதிலேயே கன்வெக்‌ஷன் பட்டனை அழுத்தினால் போதும். சின்ன ஓடிஜி இருந்தால் இன்னும் நல்லது.

அரை கிலோ பாறையோ கொடுவாயோ, ஓர் அங்குல கனத்தில் துண்டு போட்டு வாங்குங்கள். உப்பு, மஞ்சள் தடவிப் பத்து நிமிடம் வைத்து, வடியும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஈரம் இருந்தால் மீன் ஆவியில் வெந்த மாதிரி வெளுத்துப்போகும், மேலே பூசுவதும் வழிந்து ஓடிவிடும்.

இனி மேலே பூசும் பளபளப்பான பூச்சுக்கு. நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, இரண்டு டீஸ்பூன் பொடித்த வெல்லம், ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் மிளகு, இஞ்சி பூண்டு விழுது, உப்பு, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். இதில் பாதியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். பச்சை மீனில் பட்ட பிரஷ் தொட்டது மேசைக்கு வரக்கூடாது.

ஓவனை 200 டிகிரியில் சூடேற்றி, எண்ணெய் தடவிய தட்டில் மீனை வெறுமனே பத்து நிமிடம் வையுங்கள். பிறகுதான் பூச்சு. முதலிலேயே பூசினால் மீன் வேகுமுன் வெல்லம் கருகிக் கசக்கும். பூசிய பின் நாலைந்து நிமிடம். ஓரத்தில் குமிழ் விட்டு, நடுவில் ஃபோர்க்கால் தொட்டால் இதழ் இதழாகப் பிரியும். அதற்குமேல் விட்டால் சக்கைதான்.

அந்தப் பத்து நிமிடத்தில் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. ஒரு ரசம் தாளித்துவிட்டு நீங்களும் வந்து உட்காரலாம். மொத்த மீனும் ஒரே நேரத்தில் தட்டோடு வரும். நடுத்துண்டு உங்களுக்கும் கிடைக்கும்.

உடம்புக்கு நல்லதா? வாரம் இரண்டு முறை மீன், அதிலும் கொழுப்புள்ள மீன் சாப்பிடச் சொல்கிறது அமெரிக்க இதய சங்கம். அந்த ஒமேகா 3 கொழுப்பு நம் ஊரில் விலை மலிவான மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும்தான் தாராளமாக இருக்கிறது. வஞ்சரம் வாங்கினால்தான் கௌரவம் என்று யார் சொன்னது? கானாங்கெளுத்தியை முழுசாகக் கீறி, இதே பூச்சைக் கீறலுக்குள் இறக்கிப் பாருங்கள். ஆனால் வெல்லமும் சர்க்கரைதான். சுகர் உள்ளவர்கள் பாதியாகக் குறையுங்கள். பளபளப்பு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வறுத்த எண்ணெயை டப்பாவில் ஊற்றி வைத்து வாரம் முழுக்கத் தாளிக்கிற சங்கடமும் இதில் இல்லை.

ஒரே எச்சரிக்கை. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாயங்காலம் வண்டியில் வருகிற மீனைச் செவுள் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஞாயிறு காலையிலேயே வாங்கி, சுத்தம் செய்து ஃப்ரீசரில் வைத்துவிடுவது உத்தமம். செவ்வாய் ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் புதனுக்குத் தயார். செவ்வாய்க்கிழமை சாப்பிடத்தான் கூடாது, தட்டு மாற்றலாம்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் கடல் மீன் விலை எகிறும். அப்போது வளர்ப்புக் கொடுவாயைக் கேட்டுப் பாருங்கள். முள் குறைவு, குழந்தைகளுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம்.

ஓவனே இல்லையா? கனமான தோசைக்கல்லில் துளி எண்ணெய் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் வேகவிட்டுக் கடைசியில் பூசுங்கள். முக்கால்வாசி ருசி வந்துவிடும்.

குமரி மாவட்டத்து வாசகர்கள் புளிக்குப் பதில் கொடம்புளி போட்டுச் செய்து பார்த்து எழுதுங்களேன். வெல்லம் எவ்வளவு கூட்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்